புதிய மேலாளரின்கீழ் அணி முன்னேறுகிறதா? எதை வைத்துச் சொல்வது?

கேள்வி இதுதான்: நாம் ஆதரிக்கும் கால்பந்து அணிக்குப் புதிய மேலாளர் வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. லீக் புள்ளிப் பட்டியலில் இடம் பெரிதாக மாறவில்லை. பாதி ரசிகர்கள் முன்னேற்றம் என்கிறார்கள், மீதிப் பேர் ஆளை மாற்று என்கிறார்கள். எதைப் பார்த்து முடிவுக்கு வருவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் இருக்கும் இடத்தைக் கடைசியில் பாருங்கள். கோப்பையை அதற்கும் பிறகு பாருங்கள். மேலாளர் வந்த நாளில் அணிக்கு இருந்த குறை இன்றும் அப்படியே இருக்கிறதா, அல்லது அது தீர்ந்து வேறொரு குறை தலைகாட்டுகிறதா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். முன்னேறும் அணியும் தோற்கும். ஆனால் போன வருடம் எதனால் தோற்றதோ அதனாலேயே இந்த வருடமும் தோற்றுக்கொண்டிருக்காது.

பொதுவாகப் பேசினால் இதில் எதுவும் தெளியாது. ஓர் அணியை எடுத்துக்கொள்கிறேன்: இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஆடும், மிகெல் ஆர்டெட்டாவின் ஆர்சனல். ரசிகர்களை ஏமாற்றும் அத்தனை அடையாளங்களும் அந்த ஒரே கதையில் வரிசையாக வந்து போகின்றன.

2019 நவம்பர் இறுதியில் அப்போதைய மேலாளர் உனாய் எமெரி நீக்கப்பட்டார். டிசம்பர் 20 அன்று ஆர்டெட்டா நியமிக்கப்பட்டார். அதற்கு முன் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பொறுப்பு வகித்ததில்லை. மான்செஸ்டர் சிட்டியில் பெப் குவார்டியோலாவின் உதவியாளராக இருந்தவர். வந்த எட்டாவது மாதத்திலேயே, 2020 ஆகஸ்ட் 1 அன்று, செல்சீயை 2–1 என்று வென்று, தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் எஃப்ஏ கோப்பையைக் கையில் ஏந்தினார். அரையிறுதியில் சிட்டியையே 2–0 என்று வீழ்த்தியிருந்தார். ரசிகர்கள் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் அதே சீசனில் லீகில் அணி 56 புள்ளிகளோடு 8-ஆம் இடத்தில் இருந்தது. அந்த இரண்டு கோப்பை ஆட்டங்களிலும் ஆர்சனல் பெரும்பாலும் பின்வாங்கி நின்று, பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்து, கிடைத்த இடைவெளியில் முன்கள வீரர் ஓபமெயாங்கை ஓடவிட்டு வென்றது. ஒரு நாள் ஆட்டத்துக்கு அது போதும். எதிரணி பின்வாங்கி நிற்க, நாம் பந்தை வைத்துக்கொண்டு வழி தேட வேண்டிய ஒரு லீக் சீசனின் 38 ஆட்டங்களுக்கு அது போதாது.

போதாது என்பது நான்கே மாதங்களில் தெரிந்தது. 2020 நவம்பர் 1 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை வென்ற பிறகு, கிறிஸ்துமஸ் வரை லீகில் ஏழு ஆட்டங்கள். ஒரு வெற்றிகூட இல்லை. ஏழிலும் சேர்த்து மூன்றே கோல்கள். 14 ஆட்டங்களில் 14 புள்ளிகள், 15-ஆம் இடம். பந்து ஓரத்துக்குப் போகும், அங்கிருந்து கோலுக்கு முன்னே உயரமாக ஒரு கிராஸ் வரும், எதிரணியின் உயரமான தடுப்பாட்டக்காரர் தலையால் முட்டி வெளியே அனுப்புவார், மறுபடியும் ஓரத்துக்குப் போகும். எதிரணியின் பெனால்டி பெட்டிக்கு முன்னால் பந்தை வாங்கித் திரும்பி முன்னோக்கிக் கொடுக்க ஆளே இல்லை. அந்த வேலைக்குப் பேர்போன மெசுட் ஓசில் லீகுக்கான 25 பேர் பட்டியலிலேயே சேர்க்கப்படவில்லை. அந்த இடத்துக்கு வேறு யாரும் வளர்க்கப்படவும் இல்லை. இது மேலாளரின் பொறுப்பில் வரும் குறை. அந்த மாதம் அவரை நீக்கச் சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிந்த ஆதாரம் அவர்கள் பக்கம்தான் இருந்தது.

டிசம்பர் 26 அன்று செல்சீயுடன் ஆட்டம். வில்லியன், டேவிட் லூயிஸ் போன்ற மூத்தவர்கள் ஆட முடியாத நிலை. எமில் ஸ்மித் ரோ நடுவில் களமிறங்கினார், ஓரங்களில் புகாயோ சாகாவும் மார்டினெல்லியும். 3–1 என்று ஆர்சனல் வென்றது. மாற்றம் பாதி நிர்ப்பந்தத்தால் வந்தது என்பது உண்மை. ஆனால் அடுத்த வாரம் மூத்தவர்கள் திரும்பியபோது மேலாளர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். இளைஞர்களை அவர் மறுபடி பெஞ்சில் உட்காரவைக்கவில்லை. தற்செயலாகக் கிடைத்த தீர்வை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதும் மேலாளரின் திறமைதான்.

இனி கொஞ்சம் கணக்கு. அந்த சீசன் ஆர்சனல் மறுபடியும் 8-ஆம் இடத்தில், 61 புள்ளிகளோடு முடித்தது. இரண்டு வருடம் தொடர்ந்து எட்டாம் இடம், 25 ஆண்டுகளில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி எதிலும் இடமில்லை. பட்டியலை மட்டும் பார்த்தால் இது தேக்கம். ஆனால் 61-இல் முதல் 14 ஆட்டங்களின் 14 புள்ளிகளைக் கழித்துப் பாருங்கள். மீதி 24 ஆட்டங்களில் 47 புள்ளிகள், அதாவது ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1.96. ஒரு முழு சீசனுக்கு அதே வேகம் என்றால் 74 புள்ளிகள் வரும்.

அடுத்த சீசனிலும் இதே வேலையைச் செய்யலாம். 2021–22-இன் முதல் மூன்று ஆட்டங்கள்: பிரென்ட்ஃபோர்டிடம் 0–2, செல்சீயிடம் 0–2, சிட்டியிடம் 0–5. பட்டியலின் கடைசி இடம். செப்டம்பர் 11 அன்று நார்விச்சுடன் ஆடியபோதுதான் புதிதாக வாங்கிய கோல்கீப்பர் ரேம்ஸ்டேலும் தடுப்பாட்டக்காரர் டொமியாசுவும் லீகில் முதல்முறையாகக் களமிறங்கினார்கள்; காயத்திலிருந்து மீண்ட தடுப்பாட்டக்காரர் கேப்ரியலுக்கும் அதுவே அந்த சீசனின் முதல் ஆட்டம். திட்டமிட்ட அணி முழுதாகக் களத்துக்கு வராத நிலையில் நடந்த மூன்று தோல்விகள் அவை. அதன்பின் 35 ஆட்டங்களில் 69 புள்ளிகள், ஆட்டத்துக்கு 1.97. முந்தைய டிசம்பருக்குப் பிறகு இருந்த அதே வேகம். இரண்டு சீசன்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 60 ஆட்டங்கள், ஒரே சீராக. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. பட்டியல் 8-ஆம் இடம், 5-ஆம் இடம் என்று இரண்டு கதை சொன்னது. ஆட்டத்துக்கான புள்ளி, மாற்றம் 2020 டிசம்பரிலேயே நடந்துவிட்டது என்று சொன்னது.

அதனால்தான் சீசனை வைத்து எடைபோடாதீர்கள் என்கிறேன். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிவது போட்டி அமைப்பாளரின் வசதி. அணியின் வளர்ச்சி அந்த நாட்காட்டிப்படி நடப்பதில்லை. கடைசியாக ஆடிய 38 ஆட்டங்களை எடுத்து, அதற்கு முந்தைய 38 ஆட்டங்களோடு ஒப்பிடுங்கள். அவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இந்த வருடம் இதுவரை ஆடிய அதே எதிரணிகளோடு, அதே மைதானங்களில், போன வருடம் எத்தனை புள்ளிகள் வந்தன என்று பாருங்கள். பத்து ஆட்டங்களில் ஐந்து பலவீனமான அணிகளோடு சொந்த மைதானத்தில் அமைந்துவிட்டால் எந்த மேலாளரும் மேதையாகத் தெரிவார்.

பத்து ஆட்டங்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. புதியவர் வந்தவுடன் அணி துள்ளி எழுவதைப் பலர் அவருடைய மகிமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேலாளர்கள் எப்போது நீக்கப்படுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, முக்கிய வீரர்கள் காயப்பட்டு, நிலைமை இதற்குமேல் கெட முடியாது என்ற இடத்தில்தான் நீக்குவார்கள். அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் மேலேதான் போகும். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் தற்காலிகப் பொறுப்பேற்ற ஓலே குன்னர் சோல்ஷியார் முதல் 19 ஆட்டங்களில் 14-ஐ வென்றார். 2019 மார்ச் 28 அன்று பதவியை நிரந்தரமாக்கினார்கள். அதன்பின் அந்த சீசனில் மிச்சமிருந்த 10 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே அணி வென்றது. கடைசி இரண்டில், லீகிலிருந்து கீழிறங்கிய ஹடர்ஸ்ஃபீல்டுடன் டிரா, அதேபோல் கீழிறங்கிய கார்டிஃபிடம் சொந்த மைதானத்திலேயே தோல்வி. பின்னர் அவர் அணியை 3-ஆம், 2-ஆம் இடங்களுக்குக் கொண்டுபோனார், அவரை மோசமான மேலாளர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் மூன்று மாதம் எதையும் நிரூபிக்கவில்லை.

புள்ளிகளைப் பார்த்த பிறகு கோல் வித்தியாசத்தைப் பாருங்கள். என் கணிப்பில் இதைவிட நேர்மையான எண் பட்டியலில் இல்லை. 2022–23-இல் எரிக் டென் ஹாகின்கீழ் மான்செஸ்டர் யுனைடெட் 75 புள்ளிகள் எடுத்து 3-ஆம் இடம் பிடித்தது, லீக் கோப்பையும் வென்றது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அடித்தது 58 கோல்கள், வாங்கியது 43. வித்தியாசம் வெறும் 15. பிரென்ட்ஃபோர்டிடம் 0–4, சிட்டியிடம் 3–6, லிவர்பூலிடம் 0–7 என்று அந்த வருடத்தின் தோல்விகளும் சாதாரணமானவை அல்ல. ஒரு கோல் வித்தியாசத்தில் பல ஆட்டங்களை வென்று, தோற்கும்போது அடியோடு சரிந்த அணி அது. ஒரு கோல் வெற்றிகள் ஒரு வருடம் நம் பக்கம் சாயும், மறு வருடம் சாயாது. மறு வருடம் யுனைடெட் 60 புள்ளிகளோடு 8-ஆம் இடம். கோல் வித்தியாசம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 1.

இதோடு ஆர்சனலின் 2024–25-ஐ வைத்துப் பாருங்கள். 74 புள்ளிகள், டென் ஹாகின் நல்ல வருடத்தைவிட ஒன்று குறைவு. ஆட்டத்துக்கு 1.95. 2021–22-இன் வேகத்துக்கே திரும்பிவிட்டது போலத் தெரியும். 2022–23-இல் 84, 2023–24-இல் 89 எடுத்த அணிக்கு இது சறுக்கல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோல் வித்தியாசம் 35. தோல்விகள் நான்கு மட்டுமே, டிராக்கள் 14. சாகா, ஒடெகார்ட், ஹாவெர்ட்ஸ், ஜேசுஸ் என்று முன்களத்தைத் தாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்த வருடம் அது. ரைஸ், ட்ரோஸார்ட், சலிபா ஆகியோர் பெற்ற சிவப்பு அட்டைகளும் ஆட்டங்களைத் திசைதிருப்பின. அடித்த கோல்கள் 91-இலிருந்து 69 ஆகக் குறைந்தன. வாங்கியவை 29-இலிருந்து 34 ஆக மட்டுமே கூடின. அணியின் அஸ்திவாரம் நிற்கிறது, கோல் அடிக்க ஆள் குறைந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எண்கள் சொல்லாது. முன்களத்துக்கு ஆள் வாங்காமல் இருந்ததற்குக் கிளப்பையும் மேலாளரையும் கேள்வி கேட்கலாம். அணி பின்னோக்கிப் போய்விட்டது என்று சொல்வது சரியில்லை.

எக்ஸ்ஜி பற்றிக் கேட்பீர்கள். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எப்படி அடிக்கப்பட்டது என்பதை வைத்து அது கோலாகும் வாய்ப்பை எண்ணாக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது அது. நல்ல கருவி, ஆனால் ஓர் ஆட்டத்துக்கு அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும் அணி தாக்குவதைக் குறைத்துக்கொள்ளும், எதிரணி வெறித்தனமாகத் தாக்கும். எண் தலைகீழாகத் தெரியும். பதினைந்து, இருபது ஆட்டங்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே அது பேசத் தொடங்கும்.

எண்களைவிட எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று உண்டு: ஒரே வலிமையான எதிரணியோடு வருடா வருடம் என்ன நடக்கிறது என்பது. ஆர்சனல் சிட்டியிடம் லீகில் தொடர்ந்து 12 முறை தோற்றது. அந்தப் பன்னிரண்டும் ஒரே மாதிரித் தோல்விகள் அல்ல. 2021 ஆகஸ்டின் 0–5 ஆட்டத்தில் ஆர்சனலின் நடுக்கள வீரர் ஷாக்கா முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கினார். அதற்கு முன்னும் ஆர்சனலுக்கு ஆட்டம் பிடிபடவில்லை. நான்கு மாதம் கழித்து, 2022 ஜனவரி 1. ஆர்டெட்டா கொரோனா தொற்றால் மைதானத்துக்கே வரவில்லை. ஆர்சனல் சிட்டியை அதன் பாதியிலேயே நெருக்கியது, பந்தைப் பறித்தது, 31-ஆவது நிமிடத்தில் சாகா கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டியால் சமன். அடுத்த சில நிமிடங்களில் கேப்ரியலுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, 93-ஆவது நிமிடத்தில் சிட்டியின் ரோட்ரி அடித்த கோலில் 1–2 என்று தோற்றது. பட்டியலுக்கு இரண்டும் ஒன்றுதான், பூஜ்யம் புள்ளி. ஆனால் மேலாளர் ஓரத்தில் நின்று கத்தாமலேயே பதினொரு பேரும் எங்கே நிற்பது, எப்போது நெருக்குவது என்று தெரிந்து ஆடினார்கள். பயிற்சி மைதானத்தில் நடந்த வேலை அவர்கள் உடம்பில் ஏறியிருந்தது. எனக்கு ஆர்டெட்டாவின் மேல் நம்பிக்கை வந்தது கோப்பை வென்ற நாளில் அல்ல, இந்தத் தோல்வியில்தான்.

அதன்பின்னும் தோல்விகள் வந்தன. 2023 ஏப்ரலில், பட்டத்தை நிர்ணயித்த ஆட்டத்தில், 1–4. அப்போது குறை வேறு: மார்ச்சில் தடுப்பாட்டக்காரர் சலிபா காயப்பட்டதும் அவர் இடத்தை நிரப்ப ஆளில்லை. லிவர்பூலிடமும் வெஸ்ட் ஹாமிடமும் 2–0 முன்னிலையிலிருந்து 2–2 ஆனதும் அதே வாரங்களில்தான். கோடையில் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து நடுக்கள வீரர் டெக்லன் ரைஸை வாங்கினார்கள். 2023 அக்டோபரில் சிட்டியை 1–0 என்று வென்றார்கள், 2024 மார்ச்சில் சிட்டியின் மைதானத்தில் 0–0, 2025 பிப்ரவரியில் சொந்த மைதானத்தில் 5–1. 2024-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் ஆடிய 18 லீக் ஆட்டங்களில் 16 வெற்றி, ஒரு டிரா, ஒரே தோல்வி. அப்படியும் சிட்டி இரண்டு புள்ளியில் பட்டத்தைக் கொண்டுபோனது. 89 புள்ளி எடுத்து இரண்டாவதாக வந்ததை மேலாளரின் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இதை ஆர்சனல் ரசிகர்கள் பலர் விரும்புவதில்லை. 2021 கோடையில் பிரீமியர் லீகிலேயே அதிகம் செலவழித்த கிளப் ஆர்சனல்தான். அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேருமே 23 வயதைத் தாண்டாதவர்கள் என்பதில் ஒரு திட்டம் தெரிகிறது. ஆனால் வீரர் தேர்வில் அப்போதைய தொழில்நுட்ப இயக்குநர் எடுவுக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால் மேலாளரை மட்டும் தனியாக எடைபோட, வாங்கிய வீரரைப் பார்க்காதீர்கள். ஏற்கனவே இருந்த வீரரைப் பாருங்கள்.

கிரானிட் ஷாக்காவைச் சொல்கிறேன். 2019 அக்டோபரில் சொந்த ரசிகர்களே அவரை எதிர்த்துக் கூச்சலிட, ஜெர்ஸியைக் கழற்றிக்கொண்டே மைதானத்தை விட்டுப் போனார். கேப்டன் பதவி பறிபோனது. கிளப்பை விட்டு வெளியேறும் நிலைக்கு வந்தவரை ஆர்டெட்டா பேசி நிறுத்தினார். ஷாக்காவின் பலவீனம் எல்லோருக்கும் தெரியும்: வேகம் போதாது, பின்னால் தனியாக நின்று காக்கும்போது பதற்றத்தில் தவறான டேக்கிள் செய்வார். 2022–23-இல் ஆர்டெட்டா அவரைத் தடுப்பு வேலையிலிருந்து விடுவித்து, இடப்பக்கமாக முன்னே தள்ளினார். அவர் விட்டுப்போன இடத்தை, உள்ளே நகர்ந்து வரும் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ஸின்சென்கோ பார்த்துக்கொண்டார். அந்த வருடம் ஷாக்கா லீகில் ஏழு கோல்கள் அடித்தார். வயது முப்பது. புதிதாக எந்தத் திறமையும் அவருக்கு முளைக்கவில்லை; இருந்த திறமைக்குப் பொருத்தமான இடத்தை மேலாளர் கண்டுபிடித்தார். உங்கள் அணியில் இப்படி மூன்று பேரைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஒருவர்கூட இல்லையென்றால், புள்ளிகள் எவ்வளவு வந்தாலும் நான் கவலைப்படுவேன்.

பொறுமை பற்றிப் பேசும்போதெல்லாம் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய மேலாளர் அலெக்ஸ் பெர்குசனை இழுப்பார்கள்: 1986 நவம்பரில் வந்தார், முதல் கோப்பை 1990-இல்தான், முதல் லீக் பட்டம் 1993-இல். அதை எல்லா மேலாளருக்கும் பொருத்தக் கூடாது. பொறுத்திருந்து வீணாய்ப்போன கிளப்புகளின் கதையை யாரும் சொல்வதில்லை. தவிர, பெர்குசனின் அணி 1987–88-இலேயே இரண்டாம் இடம் வந்திருந்தது. நம்புவதற்கு ஆதாரம் இருந்தது.

கோப்பை ஏன் கடைசி என்பதற்கு ஆங்கே போஸ்டெகோக்லூவின் டாட்டன்ஹாம் போதும். 2025 மே மாதம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 என்று வென்று, ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீகைக் கைப்பற்றியது. அதே சீசனில் லீகில் 22 தோல்விகள், 17-ஆம் இடம். இரண்டு வாரத்தில் அவரை நீக்கினார்கள். காயங்கள் அவரை வாட்டியது உண்மை. 17 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் கோப்பை என்பதால் ரசிகர்களின் கண்ணீருக்கு மதிப்புண்டு. ஆனாலும் முடிவு சரி என்றே நினைக்கிறேன். உயரத் தூக்கி நிறுத்திய தடுப்பு வரிசைக்குப் பின்னால் பந்து விழுவது அவருடைய முதல் வருடத்திலேயே தெரிந்த குறை, இரண்டாம் வருடத்திலும் லீகில் அதுவே தொடர்ந்தது.

கைவிட வேண்டிய நேரம் எது என்பதற்கும் யுனைடெட்டே பாடம். 2023–24-இல் டென் ஹாகின் அணி முன்களத்தை நெருக்க அனுப்பியது, தடுப்பு வரிசை பின்னாலேயே நின்றது. நடுவில் யாருமில்லாத பெரிய வெளி. எதிரணிகள் அதன் வழியாக ஓடி வந்து அந்த லீக் சீசனில் 600-க்கும் மேற்பட்ட ஷாட்களை அடித்தன. ஆகஸ்டில் தெரிந்த குறை மே மாதத்திலும் இருந்தது. பிறகு எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியில் சிட்டியை 2–1 என்று வென்றார்கள். அந்த ஒரு மாலை நிர்வாகத்தின் மனத்தை மாற்றியது. ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தார்கள், அவருடைய பழைய அயாக்ஸ் வீரர்களான டி லிக்ட்டையும் மஸ்ராவியையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்பது லீக் ஆட்டங்கள் முடிந்து அணி 14-ஆம் இடத்தில் இருந்தபோது, அக்டோபர் 28 அன்று நீக்கினார்கள். நான்கு தடுப்பாட்டக்காரர்கள் முறைக்குச் சேர்த்த வீரர்களை வைத்துக்கொண்டு, மூன்று தடுப்பாட்டக்காரர்கள் முறையில் ஆடும் ரூபன் அமோரிம் சீசன் நடுவில் வந்து சேர்ந்தார். அந்த வருடம் யுனைடெட் 42 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் முடித்தது.